ஸ்டைன்பெக்கின் வாஷிங் மெஷின்

மக்களே, கரண்ட் இல்லாம ஓடுற வாஷிங் மெஷின் பாத்திருக்கீங்களா? 1960-ல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஒண்ணு வச்சிருந்தார். ஜிஎம்சி பிக்கப் மேல ஒரு குட்டி வீடு. பேர் ரோசினான்டே. உள்ளே மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியை ரப்பர் கயித்துல தொங்கவிட்டு, துணி, வெந்நீர், சோப்புத்தூள் போட்டு வண்டியைக் கிளப்புவார். குலுங்குற குலுக்கல்லயே அழுக்கு போயிடும். ராத்திரி ஆத்துல அலசினா முடிஞ்சது.

இதுல என்ன பெரிசுன்னு கேக்கறீங்களா? மனுஷனுக்கு அப்போ 58 வயசு. முந்தின குளிர்காலம்தான் நோய்ல படுத்து எழுந்தார். வீட்டுல நோயாளியா முடங்க மனசில்லை. சார்லிங்கற நாயோட, தன் துணியைத் தானே துவைச்சுக்கிட்டு அமெரிக்காவைச் சுத்தினார்.

1962-ல் அந்தப் பயணம் புத்தகமாச்சு. அதே வருஷம் நோபலும் கிடைச்சது. எனக்கென்னவோ அந்த வாளிதான் பெரிசாத் தெரியுது :)