ஒருவர் மட்டும் உட்காரும் நாற்காலி

பனிச்சறுக்கு என்றதும் பலருக்கும் சினிமாவில் பார்த்த சுவிட்சர்லாந்துதான் ஞாபகத்திற்கு வரும். பெரிய ஹோட்டல்கள், கண்ணாடிக் கூண்டு ரோப் கார்கள், பளபளப்பான கடைகள்...

அதே நினைப்போடு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள மேட் ரிவர் க்ளென் மலைக்கு முதன்முறையாகப் போகிறவர் கொஞ்சம் திகைத்துத்தான் போவார். உச்சிக்குப் போக அங்கே இருப்பது கம்பி வடத்தில் வரிசையாகத் தொங்கும் நாற்காலிகள். ஒரு நாற்காலியில் ஒருவர் மட்டுமே உட்காரலாம். கூட வந்தவர் அடுத்த நாற்காலியில்தான் வரவேண்டும்! மற்ற ஊர்களில் நான்கு பேர், ஆறு பேர் சேர்ந்து உட்காரும் லிஃப்டுகள் வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இங்கே மட்டும் ஏன் இப்படி? காசு இல்லாமலா? இல்லை. அதுதான் சுவாரஸ்யமே.

முதலில் இந்த நாற்காலியின் கதை. 1936-ல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் யூனியன் பசிபிக் ரயில்வே நிறுவனம் ஒரு பனிச்சறுக்குத் தலத்தைத் தொடங்கியது. ஆட்களை மேலே கொண்டுபோக வழி தேடியபோது, அந்நிறுவனத்தின் பொறியாளர் ஜிம் கரன் சொன்ன யோசனை விநோதமானது. கப்பல்களில் வாழைத்தார்களை ஏற்றுவதற்கு, ஓடும் கம்பியில் கொக்கிகளை மாட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் என்ன? இப்படித்தான் வாழைத்தார் போன வழியில் மனிதர்கள் போக ஆரம்பித்தார்கள்!

மேட் ரிவர் க்ளென்னை உருவாக்கியவர் ரோலண்ட் பால்மெடோ. நியூயார்க்கில் முதலீட்டு வங்கித் துறையில் இருந்தவர். அதே வெர்மான்டில் ஸ்டோவ் என்ற ஊரில் 1940-ல் ஒற்றை நாற்காலி லிஃப்ட் வருவதற்கும் அவரே முக்கியக் காரணம். ஆனால் ஸ்டோவ் வளர வளர அங்கே வியாபாரம்தான் பெரிதாகிறது என்று நினைத்தார். வேறு மலை தேடி, 1948-ல் இங்கே லிஃப்ட் அமைத்தார்.

1972-ல் இந்த இடம் வேறு ஒரு குழுவின் கைக்கு மாறியது. அக்குழுவில் இருந்த கணவர் 1975-ல் இறந்தபின், பெட்ஸி பிராட் என்ற பெண்மணி நிர்வாகத்தை ஏற்றார். பல வருடங்கள் நடத்திய பிறகு, விற்கும் நேரம் வந்தபோது பெரிய நிறுவனங்களிடம் கொடுக்க அவருக்கு மனமில்லை. அங்கே சறுக்க வருபவர்களே வாங்கிக்கொள்ளட்டும் என்றார். 1995 டிசம்பரில் ஒரு கூட்டுறவு அமைப்பு அதை வாங்கியது. ஒரு பங்கின் விலை 1,500 டாலர். வாடிக்கையாளர்களே முதலாளிகள் ஆனார்கள்.

உண்மையான சோதனை பிறகுதான் வந்தது. 1948-ல் போட்ட லிஃப்ட் எத்தனை நாள் தாங்கும்? உறுப்பினர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. இருவர் உட்காரும் புதிய லிஃப்ட் வாங்கலாம், செலவும் குறைவு. அல்லது அதிகம் செலவழித்துப் பழையதையே புதுப்பிக்கலாம். வணிகவியல் பாடம் படித்தவர் யாரும் முதல் வழியைத்தான் காட்டுவார்கள். செலவு கம்மி, கொள்ளளவு இரண்டு மடங்கு! ஆனால் அவர்கள் நன்கொடை திரட்டி இரண்டாவது வழியில் போனார்கள். 2007-ல் தூண்கள் சீரமைக்கப்பட்டு, ஒற்றை நாற்காலி லிஃப்ட் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இது வெறும் பழம்பெருமை இல்லை. இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு மடங்கு ஆட்கள் மேலே போனால், இரண்டு மடங்கு ஆட்கள் கீழே சறுக்கி வருவார்கள். பாதைகளோ அதே குறுகலான பாதைகள். கூட்டம் சறுக்கச் சறுக்கப் பனி சுரண்டப்பட்டு, அடியில் உள்ள கெட்டி ஐஸ் தெரியும். மற்ற இடங்களில் இயந்திரம் வைத்துச் செயற்கைப் பனி தூவி அதைச் சரிசெய்கிறார்கள். இங்கே அது மிகக் குறைவு. பெரும்பாலும் வானத்திலிருந்து விழும் பனிதான். ஆகவே கீழே வரிசையில் காத்திருக்கும் நேரம்தான், மேலே கிடைக்கும் நல்ல பனிக்குக் கொடுக்கும் விலை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1991 முதல் இங்கே ஸ்னோபோர்டு அனுமதிக்கப்படுவதில்லை. அமெரிக்காவில் இத்தடை உள்ள தலங்கள் மூன்றுதான். இளைஞர்களை ஒதுக்குகிறார்கள் என்ற கோபம் பலருக்கு உண்டு. அது நியாயமில்லாத கோபமும் அல்ல. அதைவிடப் பெரிய கவலை வானிலை. குளிர்காலம் சூடாகிக்கொண்டே வரும் காலத்தில், பெரும்பாலும் இயற்கைப் பனியையே நம்பியிருக்கும் மலைக்குப் பனி இல்லாத வருடம் வருமானமும் இல்லாத வருடம்தான். அந்த நஷ்டத்தைத் தாங்க வேறு முதலாளி கிடையாது, உறுப்பினர்களேதான்.

2012-ல் இந்த இடம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சின்னம் என்றாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் அல்ல. குளிர்காலம் வந்தால் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவராக ஆட்கள் மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள். லாபம் என்றால் எப்போதும் "இன்னும் அதிகம்" என்றுதான் அர்த்தமா? "இவ்வளவு போதும்" என்று பங்குதாரர்களே சேர்ந்து முடிவு செய்யலாமா? பாடப்புத்தகத்தில் அதிகம் வராத இந்தக் கேள்விக்கு அந்த மலையில் ஒரு பதில் ஓடிக்கொண்டிருக்கிறது.