சுவரில் மாட்டாத சித்திரங்கள்: முரக்கா ஏடுகளும் அவற்றைப் பிரித்த கைகளும்



எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆயத்துல் குர்ஸி எழுதிய சட்டம் ஒன்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாட்டியிருந்தது. அச்சடித்த படம் அன்று. என் பாட்டனாரின் நண்பர் ஒருவர் நாணல் எழுதுகோலால் தம் கைப்பட எழுதியது. சென்ற ரமளானுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிக்க அதை இறக்கிப் பின்பலகையைக் கழற்றினோம். தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஜன்னலை நோக்கிய பாதியில் மை வெளிறியிருந்தது. பின்னால் வைத்த மட்ட அட்டையின் பழுப்பு தாளிலும் ஏறியிருந்தது. சட்டமிட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இத்தனை காலம் இருந்தது எங்கள் பிழை.

அன்றுமுதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஈரானிலும் ஹிந்துஸ்தானிலும் தாளில் எழுதியவையும் வரைந்தவையும் இன்றும் எப்படி நிறம் மங்காமல் இருக்கின்றன?

அவை சுவரில் மாட்டப்படவில்லை என்பதே பெரும்பகுதி விடை. உயிருள்ளவற்றை உருவமாக வரைவதில் உலமாக்கள் காட்டிய கண்டிப்பை நாம் அறிவோம். ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் உருவங்கள் கொண்ட திரைச்சீலை தொங்கியதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததும், பிறகு அத்துணி திண்டுகளாக ஆனதும் ஹதீஸ் நூல்களில் நாம் படித்தவை. அரசவைகள் அந்தக் கண்டிப்பைப் பேணவில்லை, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அங்கேயும் தாளில் வரைந்த சித்திரத்தின் இடம் ஏடுதான். அரண்மனைச் சுவரின் மீதே தீட்டியவை வேறு வகை.

அத்தகைய தொகுப்பேட்டுக்கு முரக்கா என்று பெயர். ஒட்டுப்போட்டது என்பது அச்சொல்லின் பொருள். சூஃபிகள் அணிந்த ஒட்டுத்துணி அங்கியையும் இதே சொல்லால் அழைத்தனர். பல காலத்து எழுத்தணிகளையும் சித்திரங்களையும் திரட்டி, ஒவ்வொன்றையும் கெட்டியான தாளில் பதித்து, சுற்றிலும் ஹாஷியா எனும் அகன்ற விளிம்பை அமைத்துத் தைத்தார்கள். கெட்டித்தாளை ஹிந்துஸ்தானில் வஸ்லி என்றனர். பல தாள்களை மாவுப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது அதன் முறை. பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் மரபுவழி வஸ்லி செய்வோரிடம் உண்டு.

அந்த விளிம்புதான் சித்திரத்தின் சட்டம். பக்கத்தைப் புரட்டும் விரல் விளிம்பில்தான் படும், சித்திரத்தில் படாது. ஓரம் கிழிந்தால் விளிம்பை மாற்றிக்கொள்ளலாம். இரு சித்திரங்கள் எதிரெதிரே, அடுத்த விரிப்பில் இரு எழுத்தணிகள் எதிரெதிரே என்ற வரிசையும் பல ஏடுகளில் உண்டு. தரையில் அமர்ந்து கைக்கெட்டும் தொலைவில் வைத்துப் பார்த்தார்கள். பார்த்தபின் மூடினார்கள். மூடிய ஏட்டுக்குள் வெயில் ஏது?

சஃபவி இளவரசர் பஹ்ராம் மிர்ஸாவுக்காக தோஸ்த் முஹம்மத் தொகுத்த முரக்கா, ஹிஜ்ரி 951-இல் (கி.பி. 1544-45) எழுதிய முன்னுரையோடு இன்றும் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் உள்ளது. தாரா ஷிகோ தம் மனைவி நாதிரா பானு பேகத்துக்கு அளித்த முரக்கா லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் அர்ப்பணக் குறிப்பின் ஆண்டு ஹிஜ்ரி 1056. கணவனும் மனைவியும் 1659-இல் மறைந்தார்கள், ஏடு பிழைத்தது.

எல்லா ஏடுகளுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாங்குவோர் சுவரில் மாட்டத்தக்க தனிப்படத்தைக் கேட்டபோது, ஏட்டைவிடப் பக்கத்துக்கு விலை கூடியது. 1330-களில் இல்கானிகள் காலத்தில் உருவான பெரிய ஷாஹ்நாமா பிரதி ஒன்று பாரிஸ் வணிகர் ழோர்ழ் தெமோத்தின் கைக்கு வந்தது. அவர் அதைத் தாள்தாளாகப் பிரித்தார். ஒரு தாளின் இருபுறமும் சித்திரம் இருந்தால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உரித்து இரண்டாக்கி, வேறு பக்கங்களின் மேல் ஒட்டி விற்றார். உரித்ததில் சேதமடைந்தவையும் உண்டு. ஒரு தாளை இரண்டாக உரிக்கும் கைத்திறன் கொண்டவருக்கு அதைக் காக்கும் மனம் இல்லாமற் போனதே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஷா தஹ்மாஸ்பின் ஷாஹ்நாமாவின் கதை இதைவிடக் கசப்பானது. 1520-களில் தப்ரீஸில் தொடங்கிய அப்பிரதியில் 759 தாள்கள், 258 சித்திரங்கள். 1568-இல் அது உஸ்மானிய சுல்தான் இரண்டாம் ஸலீமுக்கு அன்பளிப்பாகச் சென்றது. 1959-இல் அமெரிக்கச் செல்வந்தர் ஆர்தர் ஹௌடன் அதை வாங்கியபோதும் சித்திரங்கள் புத்தம்புதிதாய் ஒளிர்ந்தன. அவர் ஏட்டைப் பிரித்தார். 78 சித்திரங்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். 1976 முதல் மற்றவற்றைச் சிறிது சிறிதாக விற்கலானார். இத்தனைக்கும் அவர் அதே அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்!

பக்கம் தனியானபின் அருங்காட்சியகங்கள் செய்வதென்ன? தாள் கண்ணாடியைத் தொடாதபடி இடைவெளி தரும் அட்டை விளிம்பு, அமிலமற்ற பின்னட்டை, 50 லக்ஸ் அளவான மங்கிய வெளிச்சம், சில மாதங்கள் காட்சிக்கு வைத்தபின் நீண்ட காலம் இருட்டறை. பழைய வஸ்ஸால்களின் ஹாஷியாவையும் மூடிய அட்டையையும் வேறு பொருள்களால் மீண்டும் செய்கிறார்கள்.

ஹௌடன் 1990-இல் இறந்தார். எஞ்சிய 118 சித்திரங்களையும் எழுத்துப் பக்கங்களையும் பழைய மேலட்டையையும் ஈரான் 1994-இல் பெற்றது. மாற்றாக தெஹ்ரான் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் இருந்த, டி கூனிங் வரைந்த ஒரு பெண்ணோவியத்தைக் கொடுத்தது. வியன்னா விமான நிலையத்தில் கைமாற்றம் நடந்தது. 258-இல் 118 ஊர் திரும்பின. மற்றவை பல நாடுகளின் அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் இருக்கின்றன.

எங்கள் ஆயத்துல் குர்ஸியைத் தாள் செப்பனிடும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். கண்ணாடியிலிருந்து பிரிக்க நாளாகும் என்கிறார். வெளிறிய மை திரும்பாதாம்.