காது, மூக்கு குத்திய பின் புண் ஆறும்வரை பராமரிக்கும் முறை

காது குத்துதல் நம் மாநிலத்தில் பெரும்பாலான குடும்பங்களில் குழந்தைப் பருவத்திலேயே நடைபெறும் சடங்காகும். மூக்கு, மேற்காது, புருவம், தொப்புள் ஆகிய இடங்களில் அணிகலனுக்காகத் துளையிட்டுக்கொள்ளும் வழக்கமும் இளைஞர்களிடையே காணப்படுகிறது. சடங்காக இருந்தாலும் அழகுக்காக இருந்தாலும், உடலைப் பொறுத்தவரை அது ஒரு காயமே. மற்றக் காயங்கள் மூடிக்கொண்டு ஆறுகின்றன. இக்காயமோ நடுவில் ஓர் உலோகத்தைத் தாங்கியபடியே ஆற வேண்டியுள்ளது. ஆகவே, பொறுமையும் தூய்மையும் இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

புண் ஆறும் விதமும் காலமும்

துளையின் இரு வாய்களிலிருந்தும் புதிய தோல் உள்நோக்கி வளர்ந்து, இறுதியில் ஒரு சிறு குழாய் போல இணைகிறது. வெளிப்புறம் முதலில் ஆறிவிடுவதால், உள்ளே புண் இருக்கும்போதே முழுவதும் ஆறிவிட்டது போலத் தோன்றும். பொதுவாக ஆகும் காலம் பின்வருமாறு:

• காதுச் சோணை (காதின் கீழ்ப்பகுதியில் உள்ள மென்மையான சதை): 6 முதல் 8 வாரங்கள்
• புருவம்: 6 முதல் 8 வாரங்கள்
• மூக்கின் பக்கவாட்டு மடல்: 4 முதல் 6 மாதங்கள்
• மேற்காதின் குருத்தெலும்பு: 6 முதல் 12 மாதங்கள்
• தொப்புள்: 6 முதல் 12 மாதங்கள்

இக்காலம் முடியும்வரை முதலில் அணிந்த தோட்டையோ மூக்குத்தியையோ கழற்றவோ மாற்றவோ வேண்டாம்.

அன்றாடப் பராமரிப்பு

நாளொன்றுக்கு இரண்டு முறை பின்வருமாறு தூய்மை செய்தால் போதுமானது.

1. கைகளைச் சோப்பிட்டுக் குறைந்தது 20 விநாடிகள் கழுவுங்கள். கழுவாத கையால் துளையிட்ட இடத்தைத் தொடாதீர்கள். பிறரையும் தொட விடாதீர்கள்.

2. மருந்துக் கடைகளில் கிடைக்கும் 0.9 விழுக்காடு உப்புக் கரைசலை (நார்மல் சலைன்) பயன்படுத்துங்கள். அது கிடைக்காதபோது, நன்கு கொதிக்கவைத்து ஆறவைத்த 250 மில்லிலிட்டர் நீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ளலாம். வீட்டில் தயாரிக்கும் கரைசலை அன்றன்று புதிதாகத் தயாரியுங்கள். உப்பைக் கூட்டினால் புண் விரைவில் ஆறாது, எரிச்சலே உண்டாகும்.

3. தூய மருந்துத் துணியை (காஸ்) அக்கரைசலில் நனைத்து, துளையின் முன்னும் பின்னும் சில நிமிடங்கள் ஒற்றி வையுங்கள். காய்ந்த பொருக்கு ஊறி இளகிய பின் மெதுவாகத் துடைத்தெடுங்கள். நகத்தால் பெயர்க்காதீர்கள். பஞ்சின் இழைகள் தோட்டில் சிக்கிக்கொள்ளும் என்பதால் பஞ்சைத் தவிர்ப்பது நல்லது.

4. உலர்ந்த தூய துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். வீட்டில் அனைவரும் பயன்படுத்தும் துண்டு இதற்கு ஏற்றதன்று.

தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். துளையிட்ட பக்கமாகப் படுப்பதைத் தவிருங்கள். தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் குளிக்கும்போதும் எண்ணெய், சீயக்காய், ஷாம்பு ஆகியவை துளையில் தங்காதவாறு நல்ல நீரால் அலசிவிடுங்கள். முதல் சில நாட்களில் வீக்கம் இருக்கும் என்பதால், திருகாணி தோலை அழுத்தாமல் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

தோட்டைத் திருகுதல்: துளை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நாள்தோறும் தோட்டைத் திருக வேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அவ்வாறு திருகும்போது உள்ளே வளரும் இளந்தோல் கிழிகிறது. வெளியே ஒட்டியுள்ள அழுக்கும் கிருமியும் உள்ளே செல்கின்றன. தோடு தன் இடத்தில் இருக்கும்வரை துளை மூடிக்கொள்ளாது.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், சாம்பல்: மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் பண்பு உண்டு. எனினும், சமையலறையில் உள்ள மஞ்சள் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. மேலும், எண்ணெயும் பொடியும் துளையின் வாயை அடைத்து, உள்ளிருந்து வடியும் நீரை வெளியேற விடாமல் தடுக்கின்றன.

வேப்பங்குச்சி, ஈர்க்கு: தோட்டைக் கழற்றிவிட்டுத் துளையில் குச்சியைச் செருகிவைக்கும் பழக்கம் ஆபத்தானது. குச்சியின் நுண்ணிய சிம்புகள் புண்ணுக்குள் தங்கிச் சீழ்பிடிக்கச் செய்யும்.

ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, கிருமிநாசினித் திரவங்கள்: இவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் திசுவையும் சிதைத்து, புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றன.

குளம், கிணறு, ஆறு, கடல், நீச்சல் குளம்: புண் ஆறும்வரை இவற்றில் மூழ்கிக் குளிக்க வேண்டாம்.

கவரிங் நகைகள்: இவற்றில் கலந்துள்ள நிக்கல் பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அரிப்பு, நீர் கசிதல், தோல் செதில் செதிலாக உரிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். புண் ஆறும்வரை 22 காரட் தங்கம், டைட்டானியம் போன்றவற்றாலான, வழுவழுப்பான அணிகலனை அணிவது நல்லது. திருகாணியும் அதே உலோகத்தால் ஆனதா எனப் பார்த்து வாங்குங்கள்.

குழந்தைகளுக்குக் காது குத்தும்போது

பிறந்தவுடன் போடப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், 6, 10, 14 ஆகிய வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் தடுப்பூசியின் மூன்று தவணைகளும் நிறைவடைந்த பின் காது குத்துவது பாதுகாப்பானது. பென்டாவேலன்ட் தடுப்பூசியில் இரண ஜன்னிக்கு எதிரான பாதுகாப்பும் அடங்கியுள்ளது.

குலதெய்வக் கோயிலில் ஒரே நாளில் பல குழந்தைகளுக்குக் காது குத்தும்போது, ஒவ்வொரு குழந்தைக்கும் பிரிக்கப்படாத உறையிலிருந்து எடுத்த புதிய ஊசியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் மற்றவருக்குப் பரவக்கூடும். நெருப்பில் காட்டுவதோ வெந்நீரில் நனைப்பதோ போதுமானதன்று. மொட்டையடிக்கும் சவரக் கத்தியின் பிளேடுக்கும் இது பொருந்தும்.

மொட்டையடித்து, குளிப்பாட்டி, தலையைத் துவட்டிய பின் காது குத்துங்கள். தலையில் பூசும் சந்தனம் வழிந்து காதுத் துளையில் படியாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஆடையை எப்போதும் முன்புறம் திறக்கும் வகையில் அணிவித்தால், கழற்றும்போது தோடு சிக்கி இழுபடாது. திருகாணி கழன்றால் குழந்தை அதை விழுங்கவோ, அது மூச்சுக்குழாயில் சிக்கவோ கூடும் என்பதால் நாள்தோறும் சரிபாருங்கள்.

இயல்பானவை எவை, கவலைக்குரியவை எவை

முதல் சில நாட்களில் சிறிது வலி, இலேசான சிவப்பு, வீக்கம் ஆகியவை இருப்பது இயல்பு. வெண்மையான நீர் கசிந்து பொருக்காகக் காய்வதும் இயல்பே, அது சீழன்று.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஏதேனும் தோன்றினால் மருத்துவரை அணுகுங்கள்:

• குறைய வேண்டிய வலியும் வீக்கமும் நாளுக்கு நாள் கூடுதல்
• மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் சீழ், துர்நாற்றம்
• தொட்டால் சூடாக இருத்தல், சிவப்பு சுற்றிலும் பரவுதல்
• காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல்
• தோடோ திருகாணியோ தோலுக்குள் புதைதல்

சீழ் பிடித்திருந்தாலும் தோட்டை நீங்களாகவே கழற்றிவிடாதீர்கள். துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடலாம். கழற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். புதைந்துபோன தோட்டை வீட்டில் தோண்டி எடுக்க முயலாதீர்கள்.

மேற்காதில் துளையிட்டவர்களின் கவனத்திற்கு

காதுச் சோணையில் ஏற்படும் தொற்று பெரும்பாலும் உரிய சிகிச்சையில் தழும்பின்றிக் குணமாகிவிடும். மேற்காது அத்தகையதன்று. குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய்கள் இல்லை. அதைப் போர்த்தியுள்ள மெல்லிய உறையிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. தொற்று ஏற்பட்டு, உறைக்கும் குருத்தெலும்புக்கும் இடையே சீழ் சேர்ந்தால் அந்த ஊட்டம் தடைபட்டுக் குருத்தெலும்பு அழியத் தொடங்குகிறது. அழிந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது. காது சுருங்கி உருக்குலைந்துவிடும்.

காதின் மேற்பகுதி முழுவதும் சிவந்து, வீங்கி, கடும் வலியுடன் இருக்க, கீழே உள்ள சோணை மட்டும் இயல்பாக இருப்பது இத்தொற்றின் முக்கிய அடையாளமாகும். அவ்வாறு காணப்பட்டால் வீட்டு வைத்தியத்திலோ, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையிலோ ஒரு நாளையும் கழிக்காதீர்கள். இத்தொற்றை உண்டாக்கும் சூடோமோனாஸ் என்னும் கிருமிக்கு வழக்கமான பல நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பயன்படுவதில்லை. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அழுத்தித் துளையிடும் துப்பாக்கி வடிவக் கருவியை மேற்காதிலும் மூக்கிலும் பயன்படுத்தக் கூடாது. அது குருத்தெலும்பை நசுக்கிவிடும்.

தடித்த தழும்பு

சிலருக்குப் புண் ஆறிய பின் துளையைத் தாண்டித் தழும்பு கட்டியாக வளரும். இது கீலாய்டு எனப்படும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இத்தகைய தழும்பு இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். கூடுதல் துளைகளைத் தவிருங்கள். கீலாய்டை வெட்டி எடுத்தால் மட்டும் போதாது; மீண்டும் வளரக்கூடும். தழும்பினுள் போடும் ஊசி உள்ளிட்ட சிகிச்சைகளைத் தோல் மருத்துவர் பரிந்துரைப்பார்.

துளையிடும் முன்பே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டியவர்கள்

நீரிழிவு நோய், இதய வால்வு நோய், இரத்தம் உறைதலில் குறைபாடு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்கவோ நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கவோ மருந்து உட்கொள்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் முதலில் மருத்துவ ஆலோசனை பெற வேண்டும். கடைசியாக இரண ஜன்னித் தடுப்பூசி போட்டு 10 ஆண்டுகள் கடந்திருந்தால், துளையிடும் முன் அதனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உதவி பெற

ஐயம் இருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள், அல்லது 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறுங்கள். முகம் வீங்குதல், கடும் காய்ச்சலுடன் மயக்கம், தாடை இறுகி வாய் திறக்க இயலாமை ஆகியவை அவசர நிலைகளாகும். உடனே 108 ஊர்தியை அழையுங்கள்.