அசையாத விழிப்பு: உறக்கக் கண்காணிப்புக் கருவிகளின் துல்லியம் குறித்து

உறக்க ஆய்வில் இன்றும் உரைகல்லாக விளங்குவது பாலிசோம்னோகிராபி. மூளை மின்னலை, கண்ணசைவு, தாடைத் தசை இறுக்கம், மூச்சோட்டம், இதயத் துடிப்பு, குருதியின் ஆக்சிஜன் செறிவு ஆகியவற்றை இரவு முழுதும் பதிந்து, 30 நொடித் துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உறக்க நிலை குறிக்கப்படுகிறது. 1968இல் ரெக்ட்ஷாஃபனும் கேல்ஸும் தொகுத்த விதிகளிலிருந்து வளர்ந்த முறை இது. ஆனால் தலையிலும் முகத்திலும் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு பழகாத கட்டிலில் படுப்பவருக்கு முதல் இரவு உறக்கமே குலைவதுண்டு, செலவும் மிகுதி. மணிக்கட்டுக் கருவி, மெத்தைக்கடியில் விரிக்கும் உணரிப்பட்டை, படுக்கையருகே வைக்கும் ரேடார் ஆகியவை இச்சுமையைப் பெரிதும் குறைக்கின்றன. இவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கது. எனினும், இவற்றின் துல்லியம் கணக்கிடப்படும் முறை, உதவி மிகுதியாகத் தேவைப்படுவோரையே கைவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இக்கருவிகள் மூளையின் செயலைப் பதிவதில்லை. மணிக்கட்டுக் கருவியின் முடுக்கமானி கையசைவைப் பதிகிறது. அதன் பச்சை ஒளி, தோலடியில் குருதி பெருகிக் குறைவதைக் கொண்டு நாடியைக் கணிக்கிறது. உணரிப்பட்டை, ஒவ்வொரு துடிப்பிலும் உடலில் எழும் நுண்ணதிர்வை உணர்கிறது. ரேடார் மார்பின் ஏற்ற இறக்கத்தைத் தொடாமலே அளக்கிறது. உறக்கம் இவற்றிலிருந்து ஊகிக்கப்படுவதே. ஆகவே, கண்மூடி அசையாமல் விழித்துக் கிடப்பவரை உறங்குபவராகக் கொள்ளும் பிழை எளிதில் நேர்கிறது.

மொத்தத் துல்லியம் என்னும் ஒற்றை எண் இப்பிழையை மறைத்துவிடும். எட்டு மணி நேரம் படுத்து ஏழரை மணி நேரம் உறங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எதையும் அளக்காமல், இரவு முழுதும் 'உறக்கம்' என்று மட்டும் காட்டும் கருவிகூட அவரிடம் ஏறத்தாழ 94 விழுக்காடு சரியாக இருக்கும். அதே எட்டு மணி நேரம் படுத்து நான்கு மணி நேரமே உறங்கும் தூக்கமின்மை நோயாளியிடம் அதே கருவியின் துல்லியம் 50 விழுக்காடு. நலமுள்ள தன்னார்வலர்களிடம் பெற்ற உயர்ந்த எண்ணை நோயாளிகளுக்கும் பொருத்துவது முறையன்று.

உறக்க மூச்சுத்தடையின் கணக்கும் இதே பிழையால் கெடுகிறது. நோயின் கடுமை, ஒரு மணி நேர உறக்கத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது அல்லது குறைந்தது என்பதைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. இக்குறியீட்டில் ஐந்து என்பது நோயின் தொடக்க வரம்பு. ஐந்து மணி நேர உறக்கத்தில் 30 முறை தடைப்பட்டால் குறியீடு 6. விழித்திருந்த மூன்று மணி நேரத்தையும் உறக்கமாக எண்ணி எட்டால் வகுத்தால் 3.75. நோயுள்ளவர் நலமுள்ளவராகக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்.

பல இரவுகள் தொடர்ந்து அளப்பதால் பிழை கரைந்துவிடும் என்பர். இரவுக்கிரவு மாறும் ஏற்றத்தாழ்வு அவ்வாறு சமன்படும் என்பது உண்மையே; ஒரே பக்கம் சாயும் பிழை எத்தனை இரவானாலும் சமன்படாது.

எனவே, விழிப்பை இனங்காணும் திறன் தனியே வெளியிடப்பட வேண்டும். தூக்கமின்மையும் மூச்சுத்தடையும் உள்ளோரிடமே கருவிகள் சோதிக்கப்பட வேண்டும். குறியீடு எந்த நேரத்தால் வகுக்கப்பட்டது என்பது அறிக்கையில் இடம்பெற வேண்டும். உரத்த குறட்டையும் பகற்சோர்வும் இருந்தும் கருவி நலமென்று காட்டினால், அந்நோயாளி பாலிசோம்னோகிராபிக்கு அனுப்பப்பட வேண்டும்.