நி.மு. போடாத கோப்பு

எங்கள் அலுவலகங்களில் ஒரு கோப்பு முடிந்தால் அதன் தலையில் ஒரு குறி விழும். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். வெள்ளைக்காரர் காலத்து டாட்டன்ஹாம் முறையின் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்பவைதான் தமிழில் இப்படி ஆயின. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனபோது கட்டுக்கட்டாகக் கோப்பு பிரித்தவர்களில் நானும் ஒருவன். குறி இல்லாதிருந்தால் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்றே தெரிந்திருக்காது.

போன மாதம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருக்கும் என் மாப்பிள்ளை முகம் வாடி வந்தார். "மாமா, ஆறு மாதப் பரிசோதனைப் பதிவுகள் போச்சு" என்றார். திருட்டு இல்லை, தீ விபத்து இல்லை. யாரோ ஒரு பையன் பழைய விண்ணப்பம் ஒன்றை வேண்டாததென்று நீக்கியிருக்கிறான். அவ்வளவுதான்.

எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு லாரியில் போகிறதே கன்டெய்னர், அதைப்போல ஒரு மென்பொருளை அதற்கு வேண்டியதோடு சேர்த்துப் பெட்டியில் அடைக்கிறார்கள். பல கணினிகளில் இந்தப் பெட்டிகளை ஏற்றி இறக்கி மேய்ப்பது குபெர்னெட்டீஸ். கூகிள் 2014இல் வெளியிட்டது. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு உடனே 'கூவெர்னாய்' நினைவு வந்தது, அதுவும் சுக்கான்தான். 'கூவெர்ன்மான்', அதாவது அரசாங்கம், அதே வேர்தான். ஆக மாப்பிள்ளை பார்ப்பதும் ஒரு வகையில் சர்க்கார் உத்தியோகம்!

பெட்டி அழிந்தால் உள்ளே எழுதியதும் அழியும். ஆகவே பதிவுகளுக்கு வெளியே தனி இடம் வேண்டும். ஆரம்பத்தில் பொறுப்பாளர் முன்கூட்டியே இடங்களைத் தயார்செய்து வைப்பார். கேட்பவருக்கு அதிலிருந்து ஒன்று. இருபது கேட்டவருக்கு நூறு போகும், நூறு கேட்டவர் காத்துக் கிடப்பார். 2016இல் சோதனையாக வந்து, 2017இல் 1.6 பதிப்பில் நிலைபெற்றது புது ஏற்பாடு. இந்த வகையில் இவ்வளவு வேண்டும் என்று விண்ணப்பம் போட்டால் போதும், இடம் அப்போதே தானாக உருவாகும். இந்த வகைக்கு 'ஸ்டோரேஜ் கிளாஸ்' என்று பெயர்.

வில்லங்கம் அதில்தான். வகையை எழுதும்போது வேறு ஏதும் குறிப்பிடாவிட்டால், விண்ணப்பத்தை நீக்கியதும் இடமும் அதிலுள்ள பதிவுகளும் சேர்ந்தே அழிந்துவிடும். எங்கள் பதிவறையில் கழிக்க ஆணை வேண்டும். இங்கே வைத்துக்கொள்ளத்தான் ஆணை வேண்டும்! 'ரிடெய்ன்' என்று ஒரு சொல் எழுதியிருந்தால், விண்ணப்பம் போனாலும் இடம் நிற்கும், பொறுப்பாளர் பார்த்துக் கையால்தான் கழிக்க முடியும்.

"இதில் நி.மு. எது, ஓ.மு. எது என்று யாராவது முதலில் கேட்டீர்களா, மாப்பிள்ளை?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. என்னிடமிருந்து ஒரு தாள் வாங்கி இரண்டு பத்தி போட்டு எழுத ஆரம்பித்தார்.

போன பதிவுகளில் பாதியைப் பட்டறைக் காகிதப் பதிவேடுகளிலிருந்து திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது இரண்டு வகை வைத்திருக்கிறார். ஒன்றுக்கு ஆங்கில எழுத்தில் 'நிமு' என்றே பெயர். ஆனால் ஏற்கெனவே ஒதுக்கிய இடங்களுக்குப் புது வகையின் விதி பொருந்தாதாம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு மகள் மட்டும்தான் வந்தாள்.