மண்ணைத் தொட்ட மின்கம்பி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு மின்நிலையங்களில் எர்த் ஃபால்ட்டை, அதாவது மின்கம்பி மண்ணைத் தொடும் பழுதை, காட்டிக்கொடுத்தவை மூன்று விளக்குகள். ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று. மூன்றும் ஒரே அளவில் எரிந்தால் பழுதில்லை. ஒன்று மங்கி மற்ற இரண்டும் பளிச்சிட்டால், மங்கிய விளக்கின் ஃபேஸ் எங்கோ மண்ணைத் தொட்டுவிட்டது என்று பொருள். எந்த லைனில் என்பதை விளக்கு சொல்லாது. பணியாளர் நிலையத்திலிருந்து புறப்படும் லைன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார். எதை நிறுத்தியதும் மங்கிய விளக்கு மீண்டும் எரிகிறதோ, அதுவே பழுதான லைன். அதற்குள் நல்ல லைன்களில் இருந்த தெருக்களும் இருண்டு மீண்டிருக்கும்.

இந்த அமைப்புகளில் மூன்று ஃபேஸ்களும் சேரும் நியூட்ரல் புள்ளியை எர்த் செய்வதில்லை. ஆகவே ஒரு ஃபேஸ் தரையைத் தொட்டாலும் ஆலைகளில் மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பழுதின் வழியே போகும் மின்னோட்டம், மற்ற இரு கம்பிகளுக்கும் தரைக்கும் இடையே இயல்பாக உள்ள மின்தேக்கத்தின் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். சிற்றூரில் அது சில ஆம்பியர்தான். பழுதான இடத்தில் எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும்.

லைன்கள் நீண்டு, நிலத்தடி கேபிள்களும் பெருகியபோது இந்த வசதி போயிற்று. பொறி அணைவதும் மறுபடி பற்றுவதுமாக இருந்தது. பழுதில்லாத ஃபேஸ்களில் தரையைப் பொறுத்த அழுத்தம் ஏற்கெனவே 1.73 மடங்காகியிருக்கும், விட்டுவிட்டுப் பற்றும் பொறி அதை மேலும் ஏற்றி, தொலைவில் வேறொரு கம்பியைத் தாங்கும் பீங்கான் மின்காப்பானை உடைக்கும்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் வால்டெமர் பீட்டர்சன், முதல் உலகப் போர்க் காலத்தில் இதற்கு வழி கண்டார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரும்பு உள்ளகம் கொண்ட ஒரு சுருளை வைத்தார். சுருளின் மின்னோட்டமும் மின்தேக்கத்தின் மின்னோட்டமும் எதிரெதிரானவை. இரண்டையும் சமமாக்கினால் பழுதுப் புள்ளியில் மிஞ்சுவது அற்பம். மின்சாரம் நிற்காமலே பொறி அணையும். மின்பொறியியலில் இத்தனை எளிமையான மருந்து அரிது. லைன் கூடினாலோ குறைந்தாலோ சுருளை மறுபடி இசைவிக்க வேண்டும், அவ்வளவே.

ஆனால் மின்னோட்டம் குறையக் குறையப் பழுதைக் கண்டுபிடிப்பது கடினமாயிற்று. பழுதை உணரும் சாதாரண ரிலேக்கு அது எட்டவில்லை. சுருளின் இழப்பால் மிஞ்சும் சிறு பகுதியைப் பிடிக்கும் வாட்மெட்ரிக் ரிலேக்கள் வந்தன. பழுது தொடங்கும் கணத்தில் எழும் மின்னோட்ட அலையின் திசையைப் பார்த்து லைனை அடையாளம் காணும் ரிலேக்களும் பின்னர் வந்தன. அமெரிக்கா வேறு வழியில் போனது: நியூட்ரலை நேரடியாகவோ தடை வழியாகவோ எர்த் செய்து, பெரிய மின்னோட்டத்தை ஓடவிட்டு, லைனை உடனே துண்டித்தது.

2009 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் காட்டுத்தீ 173 பேரைப் பலிகொண்டது. அன்று மூண்ட தீக்களில் மிகக் கொடியது, அறுந்த மின்கம்பியிலிருந்து தொடங்கியது. அதன் பிறகு அங்கே, மண்ணைத் தொட்ட கம்பி தீ மூட்டாதிருக்க, 22,000 வோல்ட் லைன்களுக்குப் பீட்டர்சன் சுருளை மின்னணுக் கருவியோடு இணைத்துப் பொருத்தினார்கள். பழுதான ஃபேஸின் அழுத்தம் 2 நொடிக்குள் 250 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும் என்று 2016 விதிமுறை வரையறுத்தது.