மூப்பரும் அண்ணாவியாரும்: கீழைக்கரைப் பங்குகளின் வரலாற்றில் ஒரு நன்றிக்கடன்

நாவிதன்வெளிப் பிரதேசத்திலுள்ள சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத்தை அறியாதார் கிழக்கிலங்கைக் கத்தோலிக்கரிடையே அரியர். செப்டெம்பர் மாதத் திருவிழாவுக்கு அயலூர்களினின்றும் அடியார் அங்குத் திரள்வர். அதனைச் சூழ்ந்து கிடப்பன இந்துக்களும் இசுலாமியரும் பயிரிடும் வயல்கள். கல்முனைக்குச் செல்லும் வழியிலே கிட்டங்கித் தாம்போதி உள்ளது. மாரிவெள்ளம் அதனை மேவிப் பாயுங்கால் கரையோரப் பட்டினங்களோடு தொடர்பு அரிதாகும். இத்தகைய ஒதுக்கமான ஊர்களில், குருமார் அருகியிருந்த நூற்றாண்டுகளிலும், கத்தோலிக்க சமயவாழ்வு அறாது நிலைத்தது எங்ஙனம்? நம் திருச்சபை வரலாறுகள் ஆயர்களையும் குருமாரையும் விரிவாகப் பேசுகின்றன. இவ்வினாவுக்குரிய விடையைப் பெரும்பாலும் அடிக்குறிப்பிலே ஒதுக்கிவிடுகின்றன.

விடையின் ஒரு பகுதி சொல்லிலேயே பொதிந்துள்ளது. ஒரு குருவின் பொறுப்பிலுள்ள மக்கட் கூட்டத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர், அயலில் வதிதல் என்னும் பொருள்படும் கிரேக்க அடியிற் பிறந்தது. தமிழ்க் கத்தோலிக்கரோ அதனைப் ‘பங்கு’ என்றனர். நிலத்திலும் விளைச்சலிலும் உரிமையும் கடமையும் ஒருங்கே உடையவன் பங்காளி. இச்சொல்லை முதலில் ஆண்டவர் இவ்வளவும் எண்ணி ஆண்டனர் என்று நாம் வாதிடவேண்டுவதில்லை. ஆயினும் வரலாறு அச்சொல்லுக்கு இயைந்தே நடந்திருக்கின்றது.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்போருக்கு மரணதண்டனை என அதே ஆண்டிற் கட்டளை பிறப்பித்தனர். அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றியே வாழ்ந்தனர். 1687இல் கோவையிலிருந்து மாறுவேடம் பூண்டு வந்த யோசேப் வாஸ் அடிகளார், 1696இல் துணைக்குருமார் வந்து சேரும்வரை, தமியராகவே இத்தீவிற் பணியாற்றினார். இங்குக் கோவை எனப்படுவது போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவேயன்றிக் கொங்குநாட்டுக் கோவையன்று. ஒரு தீவுக்கு ஒரு குரு. அவர் ஓரூரில் திருப்பலி ஒப்புக்கொடுத்து அகன்றால், மீண்டும் அங்கு வருதற்கு நெடுங்காலம் செல்லும். ஆகவே ஊர்தோறும் பொதுநிலையினரையே அவர் பொறுப்பாளராக்கினார். மூப்பர் கோயிலின் உடைமையையும் ஊராரின் ஒழுங்கையும் பேணினார். அண்ணாவியார் ஞாயிறுதோறும் செபம் சொல்வித்தார். சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பித்தார். இறக்குந் தறுவாயில் இருந்தோருக்கு ஞானஸ்நானமும் அளித்தார். சங்கிலித்தாம் கோயிற் பணிவிடைகளைக் கவனித்தார். ‘சங்கிலித்தாம்’ என்பது போர்த்துக்கேயச் சொல்லின் திரிபேயன்றிச் சங்கிலியோடு தொடர்புடையதன்று. அண்ணாவியார் என்னும் பெயரோ மட்டக்களப்பில் கூத்துப் பயிற்றும் ஆசானுக்கு இன்றும் வழங்குகின்றது; ஆசானும் செபம் சொல்விப்போனும் ஒரே பெயர் பூண்டமை நம் நாடக மாணவர் சிந்திக்கத்தக்கது.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றியதன் பயனும் இப்பின்னணியிலேயே நன்கு விளங்கும். குரு இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், கூடியிருந்தோர் நடுவே அண்ணாவியார் வாசிப்பதற்கு நூல் வேண்டியிருந்தது. 1711இல் வாஸ் அடிகளார் கண்டியில் உயிர்நீத்தார். 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. மரணதண்டனைக்கு அஞ்சாது அவருக்குக் கதவு திறந்த இல்லத்தாரின் பெயர்களோ பெரும்பாலும் நம்மை வந்தடையவில்லை.

கீழைக்கரையில் இவ்வமைப்பு தனித்து நின்றதன்று. மட்டக்களப்புத் தென்பகுதியில் தாய்வழிக் குடிமுறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. இந்துக் கோயில்களில் குடிகளின் சார்பாக வண்ணக்கர் பொறுப்பேற்பர்; பள்ளிவாசல்களில் அவ்வாறே மரைக்காயர் அமைவர். கல்முனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் வழக்காறுகளை ஆராய்வார் இதனை எளிதிற் காண்பர். மூப்பர் முறை வேறு மூலத்தினின்றும் வந்ததாயினும், வண்ணக்கரையும் மரைக்காயரையும் அறிந்த மண்ணில் அது அந்நியமாய்த் தோன்றியிராது எனக் கருதலாம். இறைவனின் உடைமையை ஊரார் சார்பிற் காப்பவன், அதன் கணக்கை ஊராருக்கே ஒப்புவிக்கவேண்டியவன் என்னும் கருத்து மும்மதத்தாருக்கும் விளங்கியிருந்தது.

நன்றி கூறப் புகுவோர் குறைகளை மறைத்தல் தகாது. பொறுப்பு நாளடைவில் மரியாதையாகவும், மரியாதை பரம்பரை உரிமையாகவும் மாறுவதுண்டு. யார் முன்னிற்பது, யார் கொடியேற்றுவது என்னும் பிணக்குகள் எச்சமயத்தாருக்கும் புதியனவல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோவைக் குருமாருக்கும் உரோமை நேரே அனுப்பிய குருமாருக்குமிடையே அதிகாரப் போட்டி மூண்டபோது, கோயில் யாருடையது என்ற வழக்கும் உடனெழுந்தது. 1886இல் உரோமை போர்த்துக்கல்லுடன் செய்த உடன்படிக்கையும், அவ்வாண்டே இலங்கையில் ஆயராட்சி நிறுவப்பட்டமையும் அப்போட்டியைத் தணித்தன. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாயிற்று. 1895 முதல் இயேசு சபையார் இப்பகுதியிற் பணியேற்றனர். குருமார் பெருகப் பெருக, மூப்பரின் நிழல் குறுகியது. இது இயல்பே, ஆனால் முற்றும் நன்மை என்று கூறுதற்கில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) பொதுநிலையினரின் பங்கை மீண்டும் வலியுறுத்திற்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருத்தல் வேண்டும் என விதித்தது. மேய்ப்புப்பணிச் சபைக்கோ ஆலோசனை கூறும் உரிமையை மட்டுமே அளித்தது. இச்சபைகளைப் புதுமை என்று பாராட்டுவோர் உளர். ஒல்லாந்தர் காலத்து மூப்பர் இதனைக் கேட்டிருப்பின் நகைத்திருப்பார்! ஆலோசனை கேட்டற்குரிய குருவே அவரூரில் இருந்திலர்.

2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாயிற்று. அதன் பங்குகளில் ஆலய வரலாறு எழுதுவோர் குருமாரின் பெயர்களை ஆண்டுவாரியாக நிரல்படுத்துவதோடு நிறைவடைதல் ஆகாது. ஞானஸ்நானப் பதிவேடுகள் உள்ளன. அவற்றில் குருவின் பெயரோடு ஞானப்பெற்றாரின் பெயர்களும் எழுதப்பெறுவது வழக்கம். ஆபத்து வேளையில் பொதுநிலையினர் அளித்த ஞானஸ்நானங்களும் குறிக்கப்பெறுவதுண்டு. முதியோர் நினைவில் எஞ்சியுள்ள மூப்பர், அண்ணாவியார் பெயர்களை அப்பதிவேடுகளோடு ஒப்புநோக்கும் பணியை நம் வரலாற்றுத்துறை மாணவர் ஒரு விடுமுறைக் காலத்திலேயே தொடங்கிவிடலாம். மாரி தொடங்குமுன், கிட்டங்கித் தாம்போதியில் நீர் ஏறுமுன், சொறிக்கல்முனையிலிருந்தே தொடங்கலாம்.